பாகு பதமாகும் நேரம்

கரீபியன் கடலில் ஒயினுக்கென்றே புறப்படும் சொகுசுக் கப்பல்கள் உண்டு. கணவனும் மனைவியுமாகப் போகிறவர்கள் பகலில் ஒரு தீவில் இறங்கிச் சுற்றிவிட்டு, மாலையில் கப்பலுக்குத் திரும்பி, விஷயம் தெரிந்த ஒருவர் விளக்கிச் சொல்லச் சொல்ல வகைவகையான ஒயினை ருசி பார்ப்பார்கள். அந்தக் கோப்பைகளில் இருப்பது பெரும்பாலும் பிரான்சிலோ கலிஃபோர்னியாவிலோ பழுத்த திராட்சை. கப்பல் நிற்கும் தீவுகள் பல தலைமுறைகளாக விளைவித்துவந்தது கரும்பை. நாக்கின் ருசிக்காக ஒரு நாளை ஒதுக்கிப் பயணம் போவது எனக்குப் பிடித்த யோசனைதான். ஆனால் ருசி பார்க்கும் பண்டம் விளைந்த மண்ணில் நின்று, அதைச் செய்கிறவர்கள் கையிலிருந்தே வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு, கரும்பு வெல்லம் காய்ச்சும் கேரளத்து மலையூரான மறையூர் போதும். உடுமலைப்பேட்டையில் விடிகாலையில் கிளம்பினால் காலைப் பலகாரத்துக்கு அங்கே இருக்கலாம்.

நானும் என் கணவரும் அப்படித்தான் போனோம். அமராவதிப் பக்கம் ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் காடு தொடங்கிவிடுகிறது. கேரளக் காடு என்றதும் மழையும் அட்டையும் நினைவுக்கு வரும். வழியில் வரும் சின்னாறு அப்படியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் முள்காடு அது. 1984இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டில் நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் இருக்கின்றன. யானை எந்த வளைவிலும் நிற்கலாம் என்பதால் வண்டியை நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும். மலை ஏற ஏறக் காற்று குளிர்கிறது. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில், காய்ந்த காட்டுக்கு நடுவே, திடீரென்று பச்சைப் பசேலென்று கரும்பு வயல்கள் தெரிகின்றன.

மழை குறைந்த இந்த ஊரில் கரும்பு விளைவதற்கு மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் பாம்பாறும் காரணம். கேரளத்து ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறு இறங்கிப்போய் அமராவதியில் சேர்ந்து கடைசியில் காவிரியாகிவிடுகிறது. தண்ணீர் போகிற வழியிலேயே மனிதர்களும் வந்திருக்கிறார்கள். மறையூர், காந்தல்லூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். இந்தக் காட்டை நன்றாக அறிந்தவர்கள் முதுவர் பழங்குடியினர். கடைப் பலகைகள் மலையாளத்தில் இருந்தாலும் டீக்கடைப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது.

நாங்கள் போன ஆலை கோவில்கடவு போகும் வழியில், வயலுக்கு நடுவே இருக்கிறது. ஆலை என்றதும் புகைபோக்கியும் சங்கும் வைத்த சர்க்கரை ஆலையை நினைக்க வேண்டாம். கூரை வேய்ந்த ஒரு கொட்டகை, ஒரு பக்கம் கரும்பு பிழியும் எந்திரம், நடுவில் நிலத்தைத் தோண்டிக் கட்டிய அடுப்பு, அதன்மேல் ஒரு பெரிய கொப்பரை. அவ்வளவுதான். நாங்கள் போனபோது சாறு அப்போதுதான் கொப்பரையில் நிரம்பிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கலங்கிய பச்சை நிறம். பிழியும் இடத்தில் இருந்தவர், "அக்கா, ஆளுக்கொரு டம்ளர் குடிச்சிட்டு உக்காருங்க, நேரமாகும்" என்றார். எங்கள் ஊர் ரோட்டோரக் கடையில் இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துத் தரும் சாற்றைவிட இதில் இனிப்பு சற்று அடங்கி, புல்லின் வாசனை முன்னால் வந்தது.

அதன்பிறகு ஏறக்குறைய முற்பகல் முழுவதும் அங்கேயே இருந்தோம். பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் கொட்டகை வாசலில் நின்று, நான்கு படம் எடுத்துக்கொண்டு, இரண்டு உருண்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. அவற்றில் வருகிறவர்கள் இழப்பது மிகப் பெரிது என்று சொல்வேன். சாறு வெல்லமாவதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்தால்தான் அந்த உருண்டைக்கு ஏன் அந்த ருசி என்பது விளங்கும்.

அடுப்புக்கு விறகு கிடையாது. பிழிந்த சக்கையைக் காயவைத்து அதையே எரிக்கிறார்கள். அடுப்பு வாயில் உட்கார்ந்திருப்பவர் கவட்டைக் கோலால் சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். கை ஓய்ந்தால் தீ தணியும், தீ தணிந்தால் பாகு கெடும். சாறு சூடேறியதும் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வருகிறது. நீளக் காம்பு வைத்த வலைக் கரண்டியால் அதை வாரி வாரி வெளியே கொட்டுகிறார்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் வெல்லம் கசடாகப் போகும். பச்சை, மஞ்சளாகி, பொன்னிறமாகி, பிறகு காப்பி நிறத்துக்கு வந்தது. கொதியின் சத்தமும் மாறியது. முதலில் தண்ணீர் கொதிக்கும் சலசலப்பு. பிறகு கெட்டியான குமிழ்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும் தொப்பு தொப்பென்ற ஒலி.

பதம் பார்ப்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். உடுமலைப் பக்கத்துக்காரர். வெப்பமானி எதுவும் அவரிடம் இல்லை. கரண்டி நுனியிலிருந்து சொட்டுப் பாகைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார். கரைந்தது. தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. இழுபட்டது. மூன்றாவது தடவை உருண்டு நின்றது. உடனே, "எறக்கு!" என்று குரல் கொடுத்தார். நான்கு பேர் ஓடிவந்து கொப்பரையைச் சாய்த்து, பாகை மரத்தொட்டியில் கவிழ்த்தார்கள். அரை நிமிடம் தாமதித்தாலும் அடி பிடித்துக் கசக்கும் என்றார், வேர்வையைத் துடைத்தபடி.

தொட்டியில் மரத்துடுப்பால் கிண்டக் கிண்டப் பாகு மங்கி, இறுகி, மணல்மணலாகிறது. சூடு ஆறுவதற்குள் கையால் பிடித்தாக வேண்டும். என் கணவர் ஆர்வமாக ஒரு கை எடுத்தார். "அண்ணே, சுடும்ணே!" என்று பக்கத்தில் இருந்த பெண் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் போட்டுத் தவித்தார். அந்தப் பெண்ணோ பேசிக்கொண்டே நாலைந்து உருண்டைகளை அடுக்கிவிட்டார். அவர் உள்ளங்கை காய்த்து, பளபளவென்று இருந்தது. உருட்டிய ஒவ்வொன்றின் மேலும் அவருடைய விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. மறையூர் வெல்லத்தின் அடையாளமே அந்தத் தடம்தான். அச்சில் வார்த்த வெல்லத்தில் அது இருக்காது.

சூடான வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். உப்புக் கரிப்பு கொஞ்சமும் தெரியாது. இனிப்பு முதலில் மெதுவாக எட்டிப் பார்த்து, பின்னால் லேசான புகை மணத்தோடு நாக்கில் தங்குகிறது. நிறமும் கருமை ஏறிய பழுப்பு. வெளுத்த வெல்லத்தைத் தேடி வாங்கும் நம் பழக்கத்தை இந்த ஒரு கிள்ளல் மாற்றிவிடும். இங்குள்ள மண்ணும் மலைத் தண்ணீரும் குளிரும் சேர்ந்து தரும் இந்தத் தனித்தன்மைக்காகவே 2019இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் அதற்குத் துணை நின்றது.

குறியீடு கிடைத்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. சமவெளியில் மலிவாகக் கிடைக்கும் வெல்லத்தை வாங்கிவந்து மறையூர்ப் பெயரில் விற்கும் வழக்கம் இருக்கிறது. அதன் விலையோடு மறையூர்க்காரர்களால் போட்டி போட முடிவதில்லை. ஓணத்துக்குச் சர்க்கரை வரட்டி செய்ய நல்ல வெல்லம் தேடும் கேரள வீடுகளும், பொங்கலுக்குத் தேடும் நம் வீடுகளும் ஏமாறுகின்றன. ஏமாற்றத்தின் முழுச் சுமையும் கரும்பு வெட்டுகிறவர், அடுப்புத் தள்ளுகிறவர், உருண்டை பிடிக்கிறவர் தலையில்தான் விழுகிறது. விலை கட்டாமல் போனால் விவசாயி கரும்பை விட்டு வேறு பயிருக்கு மாறத்தானே செய்வார்?

இதே கரும்புக்காகத் தமிழர்கள் அந்தக் கரீபியன் தீவுகளுக்குக் கப்பலேறிய கதையும் உண்டு. 1493இல் தன் இரண்டாம் பயணத்தில் கொலம்பஸ் கரீபியனுக்குக் கரும்பைக் கொண்டுபோனார். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் தோட்டங்கள் பெருகின. பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் ஆள் தேடி நம் கரைக்கு வந்தார்கள். 1853இல் மார்த்தினிக்குக்கும் அடுத்த ஆண்டு குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அதன்பின் பல ஆண்டுகள் பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அந்தக் கப்பல்களிலும் கணவன் மனைவியர் இருந்தார்கள். மாதக்கணக்கில் கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போனவர்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. பேரப்பிள்ளைகள் காலத்தில் தமிழ் நாவிலிருந்து போய்விட்டது. மாரியம்மன் மட்டும் போகவில்லை. குவாதலூப்பில் இன்றைக்கும் கோயில் இருக்கிறது, பூசை நடக்கிறது. உல்லாசக் கப்பலில் அந்தத் தீவுகளுக்குப் போகும் தமிழர்கள் கடற்கரையோடு நின்றுவிடாமல் கரும்புத் தோட்டத்துப் பக்கமும் அந்தக் கோயில் பக்கமும் ஒருமுறை போய்வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

மறையூரில் மதியத்துக்குமேல் வேறு சிலவும் பார்த்தோம். பாம்பாற்றங்கரையில் கோவில்கடவு தென்காசிநாதர் கோயில். அருகிலுள்ள பாறைமேட்டில் முனியறைகள். நான்கு கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒன்றை மூடிய பெருங்கற்காலக் கல்லறைகள் அவை. வேலியில்லாமல், காவலில்லாமல் பல சரிந்து கிடப்பதைப் பார்க்க மனம் பதறுகிறது. சந்தனக் காட்டுக்கோ கம்பிவேலியும் காவலும் பலம். கேரளத்தில் இயற்கையாகச் சந்தனம் செழித்து வளரும் காடு இது. பட்டையை முகர்ந்தால் மணக்காது, மணம் உள்ளே வைரத்தில் இருக்கிறது. காந்தல்லூர் மேலே இன்னும் குளிர்ச்சி. பூண்டும் பிளம்ஸும் ஆப்பிளும் விளையும் ஊர். நேரமில்லாததால் ஒரு தோட்டத்து வாசலில் பேஷன் ஃப்ரூட் சாறு குடித்ததோடு இறங்கிவிட்டோம்.

இறங்கும் வழியில் ஆலைக்கு மறுபடி போய் வெல்லம் வாங்கினோம். "என்னங்க, பத்து கிலோவா? வீட்ல நாம ரெண்டே பேரு" என்றேன். "உன் அக்கா வீடு, எங்கம்மா வீடு, எதிர் வீட்டு டீச்சர்... போதாதுன்னுதான் நெனைக்கிறேன்" என்றார் அவர். ரோட்டோரக் கடையைவிட ஆலையில் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பேரம் பேசாமல் வாங்குங்கள். எந்த ஆலை, எப்போது காய்ச்சியது என்று கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். காய்ச்சும் கொட்டகைக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள். குழந்தைகளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள். மழைக்காலத்தில் உருண்டை கசியும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, சூடும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.