ஏற்றமும் இறக்கமும்

மலைவழி செல்லப் புறப்படுவோர் தம் மோட்டார் வண்டியைக் குறித்து முதலில் வினவுவது, "இஃது ஏறுமா?" என்பதே. "நன்கு இறங்குமா?" என வினவுவார் மிகச் சிலர். இறங்குதல் எளிதென்பது பலர் எண்ணம். பழைய வண்டியொன்றைப் புதுக்கிக்கொண்டு மலைக்குச் செல்ல விழைவார்க்கு அவ்வெண்ணம் பிழையெனக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

எம் பாட்டனார் விட்டுச்சென்ற 1986-ஆம் ஆண்டின் அம்பாசடர் வண்டி நெடுநாள் கொட்டகையிற் கிடந்தது. அதன் எஞ்சினைப் பிரித்துப் புதுக்கியபின், சென்ற கோடை விடுமுறையில் எந்தையாரும் யானும் பாட்டியாரை அழைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்குச் சென்றோம்.

ஏற்றத்திற்கு வேண்டுவன யாவும் முன்னரே செய்திருந்தோம். அவற்றை முதற்கண் கூறுவல். புதுக்கிய எஞ்சினை உடனே மலையேற்றுதல் தகாது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு பொருந்துமாறு சமவெளியிற் சில நூறு கிலோமீட்டர் மெல்ல ஓட்டி, எஞ்சின் ஆயிலை மாற்றுதல் வேண்டும். ரேடியேட்டரைக் கழுவி, அதன் ரப்பர் குழாய்களையும் ஃபேன் பெல்ட்டையும் புதியனவாக இடுக. ரேடியேட்டரின் மூடியையும் சோதிக்க. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் நீர் 93 டிகிரி அளவிலேயே கொதிக்கும். மூடியிலுள்ள ஸ்பிரிங் உள்ளழுத்தத்தைக் காப்பதனாலேயே ரேடியேட்டர் நீர் அவ்வளவில் கொதியாதிருக்கின்றது. ஸ்பிரிங் தளர்ந்தால் அக்காவல் இல்லை. மேலும், ஆங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. ஆதலின் கார்புரேட்டர் தரும் கலவையிற் பெட்ரோல் மிகுந்து எஞ்சினின் வலி குன்றும். தாழ்ந்த கியரிற் பொறுமையாக ஏறுதலே தக்கது.

இவ்வாறு குறையின்றி ஏறினோம். மூன்றாம் நாள் திரும்புகையில், குன்னூரைக் கடந்து பர்லியாரை நெருங்குமிடத்துப் பிரேக் மிதி பஞ்சுபோல் இளகித் தளத்தைத் தொட்டது. எந்தையார் கியரைத் தாழ்த்தி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சரிவின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். மறுபுறம் பள்ளத்தாக்கு. பாட்டியாரோ யாதொன்றும் அறியாது பின்னிருக்கையில் துயின்றுகொண்டிருந்தார். அரைமணி நேரம் ஆறியபின் மிதி பழையபடி இறுகிற்று.

இதன் காரணம் யாது? ஆட்களோடு 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழிறங்குகின்றது. அவ்விறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், 30 டிகிரி வெப்பமுள்ள 90 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்றுத் தடையும் எஞ்சினும் ஏற்றுக்கொண்டது போக எஞ்சியதெல்லாம் பிரேக்குகளில் வெப்பமாகும். எம் வண்டியின் நான்கு சக்கரங்களிலும் உள்ளவை டிரம் பிரேக்குகள். அவற்றின் சூடு எளிதில் ஆறாது. பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை நாளடைவில் உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 வகை ஆயில் புதிதாயின் 205 டிகிரிக்குக் குறையாது கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்து எழும் ஆவி அழுத்தத்தால் சுருங்குவது. ஆதலின் மிதியின் விசை சக்கரத்தைச் சென்று சேராது. எஞ்சினைப் புதுக்கிய யாம், பல்லாண்டு பழைய அவ்வாயிலை மாற்ற மறந்தோம். பிழை எம்முடையதே.

ஆகவே நண்பர்களே, புறப்படுமுன் பிரேக் ஆயில் முழுவதையும் மாற்றி, குழாய்களிற் காற்று நில்லாது நீக்குக. டிரம்களைத் திறந்து பிரேக் லைனிங்கின் தேய்வை நோக்குக. கைப்பிரேக் கம்பி வழியாக இயங்குவதாதலின், ஆயில் கைவிட்டவிடத்தும் அதுவே துணை. அதனை இறுக்கிச் சரிசெய்க. டயரின் பள்ளங்களை மட்டுமன்றி அதன் வயதையும் பார்க்க. எந்தக் கியரில் ஏறினீரோ அதே கியரில் இறங்குக. எஞ்சினை நிறுத்தியோ நியூட்ரலில் விட்டோ பெட்ரோலைச் சேமிக்க எண்ணற்க.

அன்று எஞ்சிய வழியை இரண்டாம் கியரிலேயே கடந்தோம். கல்லாற்றை அடைந்தபோது பாட்டியார் விழித்து, "இறங்கிவிட்டோமா?" என்றார். "இறங்கிவிட்டோம், அம்மா" என்ற எந்தையாரின் கைகள் அப்பொழுதும் நடுங்கிக்கொண்டிருந்தன.