இன்ஜின் எவ்வளவு காத்து குடிக்குது?

போன மாசம் வருசநாடு போற வழியில, கடமலைக்குண்டு கிட்ட நம்ம பைக் மக்கர் பண்ணுச்சு. கரும்புகை, பெட்ரோல் நாத்தம், ஆக்சிலேட்டரை விட்டா ஆஃப். சென்னையில ஒருத்தர் ஏற்கனவே பார்த்துட்டு, "மேப் சென்சர் போச்சு, மாத்தணும்"னு சில ஆயிரம் கேட்டிருந்தார்.

அது என்ன மேப் சென்சர்? 2020 ஏப்ரல் 1ல பிஎஸ்6 விதி வந்தப்போ, பெரும்பாலான பைக்குகள்ல கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துச்சு. 1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காத்து வேணும். ஆனா இசியூ காத்தை எடை போடுறதில்ல. உறிஞ்சு குழாய்க்குள்ள இருக்கிற அழுத்தம், வெப்பநிலை, இன்ஜின் வேகம், இதையெல்லாம் வச்சுக் கணக்குப் போடுது. அந்த அழுத்தத்தைச் சொல்றதுதான் மேப் சென்சர். உள்ளே மெல்லிய சிலிக்கான் சவ்வு ஒண்ணு. அழுத்தத்துக்கு ஏத்தபடி வளையும், வோல்டேஜ் மாறும்.

த்ராட்டில் மூடியிருந்தா இன்ஜின் உறிஞ்சும், காத்து வர வழி குறைவு, அழுத்தம் இறங்கும். முழுசா திறந்தா, கிட்டத்தட்ட வெளிக்காத்து அளவுக்கு ஏறிடும்.

கடமலைக்குண்டு மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரை மாட்டி, சாவியை மட்டும் போட்டார். 97 கிலோபாஸ்கல். "இது வெளிக்காத்து தம்பி, சரியாத்தான் காட்டுது." ஸ்டார்ட் பண்ணினார். ஐடிலிங்ல 30, 40னு இறங்கணும், 80லயே நின்னுச்சு. சென்சர்ல இருந்து ரப்பர் குழாயைக் கழட்டி, சென்சர் முனையில வேற குழாய் வச்சு வாயால உறிஞ்சினார். எண் மடமடன்னு இறங்குச்சு.

அப்போ சென்சர் நல்லாத்தான் இருக்கு. பழைய குழாயை வளைச்சுப் பார்த்தா விரிசல். அது வழியா வெளிக்காத்து புகுந்து அளவைக் கூட்டிக் காட்ட, த்ராட்டில் திறந்திருக்குன்னு நம்பி இசியூ பெட்ரோலை ஊத்தியிருக்கு. புதுக் குழாய் போட்டதும் 38. செலவு? ஒரு பிரியாணிக்கும் கம்மி.

மறுநாள் மேகமலை. சுமார் 1,500 மீட்டர் உயரத்துல சாவியைப் போட்டா அழுத்தம் 85 கிட்டதான் இருக்கும், காத்து மெலிசு. இசியூ அதுக்கேத்தபடி பெட்ரோலைக் குறைச்சுக்கும். பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது.

அதனால, "சென்சர் போச்சு"ன்னு யாராவது சொன்னா ரெண்டு எண் கேளுங்க: சாவி போட்டதும் எவ்வளவு, ஐடிலிங்ல எவ்வளவு? அதுக்கப்புறம் பர்ஸை எடுங்க.