ஞாயிறும் லீவு இல்லை: இஎம்ஐ ‘ஆட்டோ டெபிட்’ திரும்பினால் கேஸ் வருமா?

அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு லாரி ஓட்டுபவருக்கும், பெரம்பலூரில் மக்காச்சோளம் வாங்கி விற்பவருக்கும் ஒரே கவலைதான். வரவேண்டிய பணம் நாலு நாள் தள்ளிப்போகலாம். கடன் தவணை தள்ளிப்போகாது.

கடன் வாங்கும்போது போட்ட ‘மேண்டேட்’ கையெழுத்துதான் காரணம். அதை வைத்து, கடன் கொடுத்தவரின் வங்கி, என்பிசிஐ நடத்தும் ‘நாச்’ அமைப்பு வழியாக உங்கள் வங்கியிடம் பணம் கேட்கும். முன்பு தவணை நாள் ஞாயிறு என்றால் திங்கள்வரை மூச்சு விடலாம். 2021 ஆகஸ்ட் 1 முதல் அதுவும் போச்சு. நாச் எல்லா நாளும் இயங்குகிறது.

கணக்கில் பணம் இல்லையா? உங்கள் வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் நிறுவனம் தனியாக இன்னொன்று. சிபில் ஸ்கோரும் அடிவாங்கலாம்.

“செக் பவுன்ஸ் ஆனால்தானே கேஸ்?” என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கும் உண்டு. 2007-ம் ஆண்டின் பணப் பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டம், 25-வது பிரிவு: 2 ஆண்டுவரை சிறை, அல்லது தொகையைப் போல 2 மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால், உடனே வழக்கு இல்லை. முதலில் நோட்டீஸ் வர வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்கு வராது.

பணம் தாமதமாகும் என்று தெரிந்தால் தேதியை மாற்றித் தரச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். தவணையன்று காலையில் போன் அடித்தால், அதற்குள் கோரிக்கை வங்கிக்குப் போயிருக்கும்.