சித்திரையில் தொடங்கிய நடை

புத்தாண்டுக்கு மருத்துநீர் வைத்து முழுகி, கோணேசரைக் கும்பிட்டு, சுபநேரத்தில் கைவிசேடமும் வாங்கியாயிற்று. 'இனித் தினமும் நடப்பேன்' என்ற எண்ணம் மட்டும் வைகாசிக்கு முன்பே கரைந்துவிடுகிறது. மனம் சோராதீர்கள், நேயர்களே. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செயல் பழக்கமாக ஊறச் சராசரியாக 66 நாள் எடுக்கும். சித்திரை முதலாம் திகதி தொடங்கினால் ஆனி பிறந்தபின்தான் கைவரும். இடையில் ஒருநாள் தவறினாலும் பாதகமில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

தினமும் ஒரே வேளையோடு சேர்த்துச் செய்வதுதான் முக்கியம். காலைத் தேநீர் குடித்ததும், திருகோணமலை பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து, மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும் பாதையால் கோணேசர் கோயில்வரை ஏறிப் பாருங்கள். கிழமையில் ஐந்து நாள், அரை மணி நேரம் விறுவிறுவென நடந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் நிறைந்துவிடும்.

நடையோடு உப்பையும் கவனியுங்கள், நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் போதும். திருகோணமலையில் கருவாட்டை விடச் சொல்வது நியாயமில்லை! சுடுநீரில் ஊறவிட்டு, அந்த நீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். கறிக்கு உப்புப் போடுமுன் ஒருதரம் சுவைத்துப் பாருங்கள்.