ஆங்கிலம் படித்தவர் கண்டெடுத்த தமிழ்ப் புதையல்!

சிகாகோ நகரம். 1962-ம் ஆண்டு. ஒரு சனிக்கிழமை.

பல்கலைக்கழக நூல் நிலையத்தின் நிலவறையில் ஒருவர் புத்தகம் தேடிக் கொண்டிருந்தார். அவர் ஆங்கில இலக்கியம் படித்தவர். நம் நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கிலக் கவிதை கற்பித்தவர். அன்று அவர் தேடியது பழந்தமிழ் இலக்கணத்துக்கு ஓர் எளிய புத்தகம். கையில் அகப்பட்டதோ வேறு!

அது குறுந்தொகை. உ. வே. சாமிநாத அய்யர் 1937-ல் உரையுடன் வெளியிட்ட பதிப்பு. அவர் அலமாரிகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். பாட்டு கடினமாக இருந்தது. ஆனால், உரை புரிந்தது. உரையைப் பிடித்துக் கொண்டு பாட்டுக்குள் நுழைந்தார்.

அவர்தான் ஏ. கே. ராமானுஜன்.

கொல்லிமலைப் பாவை

அந்தப் புத்தகத்துக்குள் நம் கொல்லிமலை இருக்கிறது!

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறுகிறோமே, அதே மலைதான். அதை ஆண்ட வல்வில் ஓரியைக் கபிலர் பாடினார். தலைவியின் அழகைச் சொல்ல வந்தவர், கொல்லிமலைப் பாவையை உவமை காட்டினார். உலக்கை பிடித்துத் தானியம் குற்றும் பெண்கள் பாடும் பாட்டில், அதே பாவையைப் பரணர் கொண்டு வந்தார்.

இப்பாட்டுகள் பெரும்பாலும் நாலு அடி முதல் எட்டு அடிதான். ஓலையில் வாழ்ந்து, செல்லரிப்புக்குத் தப்பி, அச்சேறியவை.

வீட்டில் மூன்று மொழி

ராமானுஜன் 1929-ல் மைசூரில் பிறந்தார். தமிழ்க் குடும்பம். தந்தை கணிதப் பேராசிரியர். மாடியில் தந்தையுடன் ஆங்கிலம். கீழே தாயாருடன் தமிழ். தெருவில் கன்னடம். இப்படி வளர்ந்தார் அந்தச் சிறுவர்.

மைசூரில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். தாயாரிடம் தமிழ் பேசியவர்தான். ஆனால், பழந்தமிழைப் படித்தவர் அல்லர். 2,000 ஆண்டுச் சொத்து வீட்டில் இருந்தது. பெட்டியின் சாவி மட்டும் அவரிடம் இல்லை!

இது அவர் ஒருவருடைய கதையா? டாஃபடில் மலரை வேர்ட்ஸ்வொர்த் எப்படிப் பாடினார் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினார்கள் நம் மாணவர்கள். அந்தப் பூவை அவர்களில் பலர் கண்ணால் கண்டதில்லை. நம் மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் ஒவ்வொரு பூவின் பெயரை வைத்துக் கவிதை செய்தவர்கள் நம் முன்னோர். அதை அறியாமலே பட்டம் வாங்கியவர்களும் உண்டு.

மாமா முன்னே, மலை பின்னே

ஆங்கிலப் படிப்பு வீணா? இல்லை. கவிதையைக் கூர்ந்து பார்க்கும் பழக்கத்தை அது ராமானுஜனுக்குத் தந்தது. அந்தப் பழக்கம் தமிழுக்கு உதவியது.

மொழிபெயர்ப்பில் பெரிய தொல்லை ஒன்று உண்டு. “கொல்லிமலையிலிருந்து வந்த மாமா” என்கிறோம் நாம். ஆங்கிலத்திலோ முதலில் மாமா வந்து நிற்பார். மலை கடைசியில் வரும்! சொல் வரிசையே தலைகீழ். அதனால் ராமானுஜன் ஒரு பாட்டைப் பல சிறு வரிகளாக உடைத்தார். எந்தச் செய்தி முதலில், எது கடைசியில் என்று பார்த்துப் பார்த்து அடுக்கினார்.

1967-ல் அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு “தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்” என்ற பெயரில் வெளிவந்தது. தமிழ் ஓர் எழுத்தும் அறியாத வெளிநாட்டார் சங்கக் கவிதையைச் சுவைத்தார்கள். செம்மண்ணில் பெய்த மழைநீரைப் பற்றிய பாட்டு, அவருடைய மொழிபெயர்ப்பில் லண்டன் சுரங்க ரயில் பெட்டிகளிலும் இடம் பெற்றது!

1976-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1993-ல் சிகாகோவில் அவர் காலமானார்.

மூன்று கேள்விகள்

ஆங்கிலக் கவிதை என்றால் பல மாணவர்களுக்கு நடுக்கம். நோட்ஸை மனப்பாடம் செய்து விடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

கவிதையை முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு மூன்று கேள்விகள்: பேசுவது யார்? யாரிடம் பேசுகிறார்? எந்த இடத்தில், எந்த வேளையில்? விடை கிடைத்தால் பாதிக் கவிதை புரிந்து விடும்.

இக்கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல. தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று என்று நம் உரையாசிரியர்கள் குறித்து வைத்தது இதைத்தான். நிலமும் பொழுதும் தொல்காப்பியம் சொன்னவை.

நாளை கொல்லிமலையிலிருந்து ஒரு பிள்ளை பஸ் ஏறி இறங்கி வந்து, கல்லூரியில் ஆங்கிலக் கவிதை படிக்கும். படிக்கட்டும்! நன்றாகப் படிக்கட்டும்! கூடவே பையில் ஒரு குறுந்தொகையும் இருக்கட்டும். அந்தப் பிள்ளையின் சொந்த மலை அதில் இருக்கிறது. அதைத் தேடிச் சிகாகோ வரை போக வேண்டியதில்லை.