டர்போவுக்கு முன் எண்ணெய்!

ஜப்பானில் 1989-இல் வெளிவந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரின் எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர், 2.6 லிட்டர், காற்றை உள்ளே திணிக்க இரண்டு டர்போ. சக்தி 280 குதிரை. அது போதாதாம்! எஞ்சினைப் பிரித்து ஐந்நூறாக்கத் துடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முதல் செலவு பெரிய டர்போவுக்குத்தான். வினையே அங்கேதான்.

எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது, மேலே ஏறிய எண்ணெய் சிலிண்டர் ஹெட்டிலேயே தேங்கிவிடும், அடித்தொட்டி வறண்டுபோகும். மாடித் தொட்டி வழிய, கிணறு வற்றிய கதை! எண்ணெய் இல்லாத பேரிங் எத்தனை நேரம் தாங்கும், சொல்லுங்கள்? போதாக்குறைக்கு, முதலில் வந்த எஞ்சின்களில் ஆயில் பம்பைச் சுழற்றும் கிராங்க் முனையும் குறுகல்; பம்பின் பற்சக்கரமே வெடித்துவிடுவதுண்டு.

ஆகவே அகலமான கிராங்க் முனை, உறுதியான பம்ப், பெரிய அடித்தொட்டி, மேலே ஏறும் எண்ணெயை அளவாக விடும் சிறு துவாரம், இறங்கி வர ஒரு குழாய் — பணம் முதலில் இவற்றுக்கு. பிறகு அடித்து உருவாக்கிய உறுதியான பிஸ்டன்கள். டர்போ அப்புறம்.

"பழைய டர்போவிலேயே காற்றழுத்தத்தைக் கூட்டினால் சிக்கனமாயிற்றே?" என்பீர்கள். கூடவே கூடாது! அதன் உள்சக்கரம் பீங்கான் ஜாதி. அளவு மீறினால் சிதறிவிடும்.