விளக்கிலே ஏல மணம்

ஏலமலைச் சரிவில் விளையும் காய் ஏலத்துக்கு வரும் ஊர் போடிநாயக்கனூர். அங்கே விலை, காயின் பருமனையும் பச்சை நிறத்தையும் பார்த்து. மணமோ உள்ளேயிருக்கும் கறுப்பு விதையில்! அதை நீராவியில் வடித்தால் கிடைப்பது ஏல எண்ணெய். 100 கிராம் காய்க்குச் சில கிராம்தான் தேறும்.

இதை வாசனை விளக்கில் இடுகிறார்கள்: மேலே கிண்ணம், கீழே சிறு மெழுகுவத்தி. எண்ணெய்தானே என்று அகலில் ஊற்றித் திரி போட்டுவிடாதீர்கள்! நல்லெண்ணெய் சாது, இது பக்கென்று பற்றிக்கொள்ளும். கிண்ணத்தில் தண்ணீர் விட்டு மூன்று சொட்டு போதும். நீர் வற்றுமுன் சுடரை அணைத்துவிடுங்கள். நீலகிரித் தைலத்திலுள்ள சினியோல் இதிலும் உண்டு. ஆகவே கைக்குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம். சீசாவும் பிள்ளைகளுக்கு எட்டாமலிருக்கட்டும்.

எண்ணெய் விலை கட்டாதா? நாலு ஏலக்காயைத் தட்டி அந்த நீரிலே போடுங்கள். மணம் சற்று மெல்லியதுதான், பயமில்லாத மணம்!